புலியை எண்ணும் போன்: காட்டுக்குள் வனவிலங்குப் பதிவு எப்படி நடக்கிறது?

2001-02 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த புலிகள் 3,642. இருபது ஆண்டுகள் கழித்து, 2022 கணக்கெடுப்பின்படி 3,682. அப்போ இத்தனை வருஷத்தில் கூடியது வெறும் 40 புலிகள்தானா?

இல்லை. இந்த இரண்டு எண்களும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது. முதல் எண் எங்கிருந்து வந்தது என்று பின்னால் யாராலும் சரிபார்க்க முடியவில்லை. இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் யார், எந்தப் பாதையில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு நடந்தார்கள், எங்கே எதைப் பார்த்தார்கள், எங்கே எதையும் பார்க்கவில்லை என்கிற பதிவு இருக்கிறது. அந்தப் பதிவின் பெரும்பகுதி வனப் பணியாளர்களின் கையில் இருக்கும் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் இருந்து வருகிறது.

'காட்டில் கேமரா வைப்பார்கள், புலி வந்தால் படம் விழும், எண்ணிவிடுவார்கள்' என்பதுதான் நம்மில் பலர் நினைப்பது. அது பாதிக் கதை. 2022 கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் அதே கணக்கெடுப்புக்காக 20 மாநிலங்களின் காடுகளில் மனிதர்கள் நடந்த தூரம் 6,41,449 கிலோமீட்டர். பூமியிலிருந்து நிலாவுக்குப் போய், திரும்பும் வழியில் பாதிக்கு மேல் வந்துவிடக்கூடிய தூரம் அது.

அந்த நடையில் என்ன பதிவாகிறது, எப்படிப் பதிவாகிறது, அதில் என்ன சிக்கல்கள் இருக்கின்றன, வார இறுதியில் பறவை பார்க்கப் போகிற உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதாதா?

பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. 1966-ல் ஒடிசாவைச் சேர்ந்த வன அதிகாரி எஸ்.ஆர். சௌத்ரி, கால்தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் முறையை உருவாக்கினார். ஈர மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து, அதன் வடிவத்தை அப்படியே வரைந்து எடுப்பார்கள். ஒவ்வொரு புலியின் தடமும் தனித்தன்மை கொண்டது, பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும் என்பது இந்த முறையின் அடிப்படை.

சிக்கல் என்னவென்றால், ஒரே புலியின் தடம் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் பதியும். வரைபவர் மாறினால் வரைபடமும் மாறும். 'இது ஏழாவது புலி' என்று ஒருவர் சொன்னால், 'இல்லை, இது நேற்றுப் பார்த்த மூன்றாவது புலிதான்' என்று மறுத்து நிரூபிக்க யாருக்கும் வழி இல்லை.

இதன் விலை என்ன என்பது ராஜஸ்தானில் தெரிந்தது. ஆல்வார் மாவட்டத்தில் இருக்கும் சரிஸ்கா புலிகள் காப்பகத்தின் அதிகாரப்பூர்வப் பதிவுகளில் பல ஆண்டுகளாக இருபதுக்கு மேற்பட்ட புலிகள் இருந்தன. 2004 கணக்கில்கூட 16 முதல் 18 வரை. ஆனால் 2005-ன் தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது அங்கே ஒரு புலிகூட இல்லை. எல்லாவற்றையும் வேட்டைக்காரர்கள் கொன்றுவிட்டிருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பதிவேட்டில் எண்ணிக்கை குறையாமல் இருந்த அதே ஆண்டுகளில், களப் பணியாளர்கள் நேரில் பார்த்ததாகச் சொன்ன புலிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. அதாவது, எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் 'பார்த்தோமா, எங்கே பார்த்தோம், எவ்வளவு தேடினோம்' என்ற கேள்விகளோடு மொத்த எண்ணிக்கையைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் முறை அன்று இல்லை.

சரிஸ்கா அதிர்ச்சிக்குப் பிறகு, 2005-ல் பிரதமர் ஒரு புலிகள் பணிக்குழுவை அமைத்தார். சுனிதா நாராயண் அதன் தலைவர். கால்தடக் கணக்கைக் கைவிட்டுவிட்டு, டேராடூனில் இருக்கும் இந்திய வனவிலங்கு நிறுவனம் உருவாக்கிய புதிய முறைக்கு நாடு மாறியது. அந்த முறையில் நடந்த முதல் கணக்கெடுப்பு, 2006-ல், காட்டிய எண் 1,411. புலிகள் ஒரே நாளில் பாதிக்கும் கீழே குறைந்துவிடவில்லை. முந்தைய எண்ணை நம்ப முடியாது என்பதுதான் தெரியவந்தது.

எம்-ஸ்ட்ரைப்ஸ் என்றால் என்ன?

2010-ல் தேசிய புலிகள் காப்பக ஆணையமும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் சேர்ந்து 'எம்-ஸ்ட்ரைப்ஸ்' என்ற கண்காணிப்பு அமைப்பை அறிமுகப்படுத்தின. ஸ்ட்ரைப்ஸ் என்றால் புலியின் வரிகள். இதில் மூன்று பகுதிகள் உண்டு: களத்தில் இருப்பவரின் கையில் ஒரு செயலி, அலுவலகத்தில் ஒரு தகவல் தளம், அந்தத் தகவலை வரைபடமாகவும் அட்டவணையாகவும் மாற்றும் மென்பொருள்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் காடுகள் நிர்வாகத்துக்காக வனச்சரகங்களாகவும், அவை பீட் எனப்படும் சிறு பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பீட்டுக்குப் பொறுப்பு வனக்காப்பாளர். அவர் காலையில் ரோந்துக்குக் கிளம்பும்போது செயலியில் 'தொடங்கு' பட்டனை அழுத்துகிறார். அதிலிருந்து அவர் போகும் பாதையை ஜிபிஎஸ் தானாகவே குறித்துக்கொண்டே வரும். நீங்கள் ஜாகிங் போகும்போது ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலி செய்கிற வேலைதான் இது.

வழியில் ஒரு புலியின் எச்சம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் நின்று, போனை எடுத்து, விலங்கு எது, அடையாளம் என்ன (கால்தடமா, எச்சமா, மரத்தில் நகக்கீறலா), புதியதா பழையதா என்று பட்டியலில் இருந்து தேர்வு செய்து, ஒரு படம் எடுக்கிறார். தேதி, நேரம், இடம் மூன்றையும் அவர் எழுத வேண்டியதில்லை; போனே போட்டுவிடும். மாலையில் சரக அலுவலகம் வந்ததும் தகவல் பதிவேற்றப்படும்.

நோட்டுப் புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். 'ரோந்து போனேன்' என்று அறையில் உட்கார்ந்தபடியே எழுத நோட்டு அனுமதிக்கும். நடக்காத பாதையைப் போன் அவ்வளவு சுலபமாக வரையாது.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை: கணக்கெடுப்பில் என்ன செய்கிறார்கள்?

தினசரி ரோந்து ஒரு பக்கம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியக் கணக்கெடுப்பில் அதே செயலி இன்னும் கண்டிப்பான விதிகளோடு இயங்கும். களத்தில் முக்கியமாக மூன்று வேலைகள்.

முதலாவது, அடையாளத் தேடல். ஒவ்வொரு பீட்டிலும் புலி, சிறுத்தை, செந்நாய், கரடி போன்றவை நடமாட வாய்ப்புள்ள ஓடைப் படுகைகள், வண்டித் தடங்கள், ஒற்றையடிப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பாதைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வீதம் குறைந்தது 15 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தேடுவது விலங்கை அல்ல, அது விட்டுச்சென்ற அடையாளத்தை.

இரண்டாவது, நேர்க்கோட்டு நடை. முன்பே வரைந்து வைத்த, சுமார் 2 கிலோமீட்டர் நீளக் கோட்டில் அதிகாலையில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். இங்கே தேடுவது புள்ளிமான், கடமான், காட்டுமாடு, காட்டுப்பன்றி என்று புலிக்கு இரையாகும் விலங்குகளை. ஒரே கோட்டில் வெவ்வேறு காலைகளில் மூன்று முறை நடப்பார்கள்.

இந்த நடையில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. போனில் இருக்கும் ஜிபிஎஸ், நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் குறிக்கும். மான் நிற்கும் இடத்தை அல்ல. அதனால் தூரமானியால் மான் எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்றும், திசைகாட்டியால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்றும் அளந்து போட வேண்டும். மான் 60 மீட்டர் தொலைவில், நடைக்கோட்டிலிருந்து 30 டிகிரி கோணத்தில் நின்றால், கோட்டிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 30 மீட்டர். பள்ளியில் படித்த சைன், காஸ் கடைசியில் இங்கே உதவுகிறது.

எதற்கு இந்தத் தூரம்? கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் விலங்குகள் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். தூரம் கூடக்கூட மறைவும் கூடும், நிறைய தப்பிவிடும். எந்தத் தூரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், நம் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட முடியும். இந்தத் தூரங்களைப் பதிவு செய்யாமல் 'இன்று 14 மான் பார்த்தோம்' என்று மட்டும் எழுதினால், காட்டில் எத்தனை மான் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

மூன்றாவது, சிறு வட்டங்கள். அதே கோட்டில் 400 மீட்டருக்கு ஒருமுறை நின்று, சுற்றியிருக்கும் மரம், புதர், புல், களைச்செடி, மரம் வெட்டிய தடம், கால்நடைச் சாணம், மனிதர் நடமாட்டம் ஆகியவற்றைக் குறிப்பார்கள்.

சரி, கேமரா இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு? புலியின் வரிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதனால் கேமராப் படங்களை வைத்துத் தனித்தனிப் புலிகளை அடையாளம் காணலாம். 2022-ல் இப்படி 3,080 புலிகள் படத்தில் அடையாளம் காணப்பட்டன. ஆனால் எல்லாக் காட்டிலும் கேமரா வைக்க முடியாது. கேமரா இருந்த இடத்தில் 'இவ்வளவு இரை, இவ்வளவு அடையாளம், இவ்வளவு மனிதத் தொந்தரவு இருந்தால் இத்தனை புலி' என்ற உறவைக் கண்டுபிடித்து, கேமரா இல்லாத காடுகளுக்கும் அதை வைத்து மதிப்பிடுகிறார்கள். போனில் பதிவான தகவல் இல்லையென்றால் அந்த இரண்டாவது பாதி இல்லை. 3,682 என்பது அப்படிக் கிடைத்த சராசரி மதிப்பீடு; மேல் வரம்பு 3,925.

'ஒன்றும் இல்லை' என்பதும் தகவல்தான்

களப் பதிவில் புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இரண்டு பேர் தலா இரண்டு புலித் தடங்களைப் பதிவு செய்கிறார்கள். ஒருவர் 2 கிலோமீட்டர் நடந்தவர், மற்றவர் 20 கிலோமீட்டர் நடந்தவர். தடங்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் இரண்டு காடுகளும் ஒன்றல்ல. எவ்வளவு தேடினோம் என்பது தெரியாமல், என்ன கிடைத்தது என்பதற்கு அர்த்தமே இல்லை.

அதேபோல, 5 கிலோமீட்டர் நடந்து ஒரு அடையாளம்கூடக் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பதிவைத் தூக்கிப் போடக்கூடாது. அதுதான் மிக முக்கியமான பதிவாகவும் இருக்கலாம். போன வருஷம் ஐந்து தடம், இந்த வருஷம் அதே பாதையில் பூஜ்யம் என்றால், உடனே யாராவது போய்ப் பார்க்க வேண்டும். சரிஸ்காவில் பூஜ்யங்களுக்கு இந்த மரியாதை கிடைத்திருந்தால், கடைசிப் புலி சாகும் முன்பே யாராவது விழித்திருக்கலாம்.

ஆனால் பூஜ்யத்திலும் ஒரு எச்சரிக்கை தேவை. 'பார்க்கவில்லை' என்பது 'இல்லை' என்பதாகிவிடாது. மழை பெய்து தடம் அழிந்திருக்கலாம், பாறைத் தரையில் தடமே பதியாமல் போயிருக்கலாம். அதனால்தான் ஒரே பாதையில் பல முறை நடக்கிறார்கள். திரும்பத் திரும்ப நடக்கும்போதுதான், இருந்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அளக்க முடியும்.

நெட்வொர்க் இல்லாத காட்டில் போன் எப்படி வேலை செய்யும்?

இது பலருக்கும் வரும் சந்தேகம். ஜிபிஎஸ்-க்கு மொபைல் சிக்னல் தேவையில்லை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலைகளைப் போன் பெறுகிறது, அவ்வளவுதான். டேட்டா ஆஃப் செய்திருந்தாலும், சிம் இல்லாவிட்டாலும் இடம் தெரியும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே டவுன்லோடு செய்திருக்க வேண்டும்.

ஆனால் நகரத்தில் நொடியில் வரும் இடக்குறி, காட்டில் சில நிமிஷம் எடுக்கலாம். நகரத்தில், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட்வொர்க் முன்கூட்டியே சொல்லிவிடும். காட்டில் போனே அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அடர்ந்த மரக்கூரைக்குக் கீழேயும் ஆழமான பள்ளத்தாக்கிலும் துல்லியம் குறையும். திறந்த வெளியில் சில மீட்டராக இருக்கும் பிழை அங்கே பல மடங்காகலாம். அதனால் செயலி காட்டும் 'துல்லியம்: இத்தனை மீட்டர்' என்ற எண் இறங்கும்வரை ஒரு நிமிஷம் நின்று, பிறகு பதிவு செய்வது நல்ல பழக்கம்.

எண்களைக் கையால் மாற்றி எழுதும்போது இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு இடத்தின் தீர்க்கரேகை 76 டிகிரி 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தசமத்தில் அது 76.50. அவசரத்தில் 76.30 என்று எழுதிவிட்டால், முதுமலை அட்சரேகையில் உங்கள் புலி கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும், வேறு மாநிலத்துக்கேகூட. தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பிறந்த யோசனை

காட்டில் கையடக்கக் கருவியால் பதிவு செய்யும் இந்த யோசனைக்கு ஒரு அழகான முன்கதை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. காலஹாரியின் சான் மக்களோடு பழகி, தடம் பார்க்கும் கலையை ஆராய்ந்தவர் லூயி லீபன்பெர்க். தடம் படிப்பதில் உலகிலேயே தேர்ந்தவர்கள் என்று சொல்லத்தக்க அந்த மனிதர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது எதுவும் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

1990-களில் அவரும் நிரலாளர் ஜஸ்டின் ஸ்டீவன்டனும் சேர்ந்து 'சைபர்டிராக்கர்' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அந்தக் காலத்துக் கையடக்கக் கணினியில் ஜிபிஎஸ்ஸை இணைத்து, திரையில் எழுத்துக்குப் பதிலாகப் படக்குறிகளை வைத்தார்கள். காண்டாமிருகத்தின் படம், மேய்வது போன்ற படம், செடியின் படம், தொட்டால் பதிவாகிவிடும். தடம் பார்ப்பவர் ஒரு வரிகூட எழுதாமல், ஒரு விஞ்ஞானி கேட்கும் அத்தனை விவரத்தையும் கொடுத்துவிட முடிந்தது.

இது நமக்கும் சம்பந்தமில்லாத கதை அல்ல. முதுமலையிலும் ஆனைமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருப்பவர்களில் பலர் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், மலசர் போன்ற பழங்குடியினர். ஒரு எச்சத்தைப் பார்த்து அது சிறுத்தையுடையதா செந்நாயுடையதா, நேற்றையதா போன வாரத்தியதா என்று சொல்லும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. எந்தச் செயலியிலும் அது இல்லை. போன் இடத்தையும் நேரத்தையும் தரும். பார்த்தது என்ன என்பதை மனிதர்தான் தர வேண்டும். தவறாகப் பார்த்தால், தவறு மிகத் துல்லியமான இடக்குறியோடு பதிவாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. மூன்று கேள்விகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

முதல் கேள்வி, கணக்கு பற்றியது. அடையாளங்களை வைத்துக் கேமரா இல்லாத பகுதிகளுக்கு எண்ணிக்கையை நீட்டிப்பது எவ்வளவு நம்பகமானது? 2015-ல் அர்ஜுன் கோபாலசுவாமி, உல்லாஸ் காரந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு அறிவியல் இதழில் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதற்கு மறுப்பு எழுதினார்கள். இப்படி விவாதிக்க முடிவதே ஒரு முன்னேற்றம்தான். கால்தடக் கணக்கில் விவாதிக்க எதுவுமே இருந்ததில்லை. அதே நேரம், மூலத் தகவலை வெளியில் இருக்கும் ஆய்வாளர்களும் பார்த்துச் சரிபார்க்கும் வாய்ப்பு கூடினால்தான் நம்பிக்கையும் கூடும்.

இரண்டாவது கேள்வி, தகவல் யார் கைக்குப் போகிறது என்பது. விலங்கு எங்கே இருக்கிறது என்று பாதுகாவலருக்குச் சொல்லும் அதே புள்ளி, வேட்டைக்காரனுக்கும் வழி சொல்லும். 2013-ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில் ஒரு புலிக்கு மாட்டியிருந்த ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையின் தகவல் வந்துசேரும் மின்னஞ்சல் கணக்கில் நுழைய முயற்சி நடந்தது. 2009-க்குள் தன் புலிகள் எல்லாவற்றையும் இழந்து, வெளியிலிருந்து கொண்டுவந்த புலிகளால் மீண்ட காப்பகம் பன்னா என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் தீவிரம் புரியும்.

மூன்றாவது கேள்வி, மனிதர்கள் பற்றியது. காட்டில் பதிவாவது விலங்கு மட்டுமல்ல. விறகு எடுப்பவர், மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர் எல்லோரும்தான். உத்தராகண்டின் கார்பெட் காப்பகத்தைப் பற்றி 2024-ல் வெளியான கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, விலங்குகளுக்காக வைத்த கேமராக்களும் டிரோன்களும் காட்டுக்குள் போகும் கிராமத்துப் பெண்களைக் கண்காணிக்கப் பயன்பட்டதை விவரிக்கிறது. சத்தமாகப் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் போனால் விலங்குகள் விலகிப் போகும் என்று பழகிய பெண்கள், கேமராவுக்குப் பயந்து அமைதியாகிவிட்டார்கள் என்கிறது அந்த ஆய்வு. கேமராவுக்குப் பொருந்துகிற எச்சரிக்கை போனுக்கும் பொருந்தும். ஒரு நாள் வனக்காப்பாளர் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்பதையும் அதே செயலிதான் மேலதிகாரிக்குக் காட்டுகிறது. நடந்தவரைக் கேள்வி கேட்பதற்கு மட்டும் அல்லாமல், அவருக்கு நல்ல ஷூவும் ஆள் பலமும் கேட்டு வாதாடவும் அந்த வரைபடம் பயன்பட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

எம்-ஸ்ட்ரைப்ஸ் வனத்துறைக்கானது, நாம் டவுன்லோடு செய்து பயன்படுத்துவதற்கு அல்ல. ஆனால் அதே கொள்கையில் இயங்கும் பொதுச் செயலிகள் இருக்கின்றன. பறவைகளுக்கு இ-பேர்ட், பூச்சி முதல் யானை வரை எல்லா உயிருக்கும் ஐநேச்சுரலிஸ்ட். இரண்டும் இலவசம்.

இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையைப் பாருங்கள். சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் போட்ட 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து 942 பறவையினங்களை மதிப்பிட்டார்கள். நீண்டகாலப் போக்கை அளக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவருகின்றன என்பது அதில் தெரிந்தது. அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஏரிக்கரையில் நடப்பவர்களும் இப்படிப் பதிவு போடலாம்.

களத்துக்குப் போகும் முன் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போதே தொடங்குங்கள். பறவை கண்ணில் பட்ட பிறகு அல்ல, நடையைத் தொடங்கும்போதே செயலியில் பட்டியலைத் திறங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பது தானாகப் பதிவாகும்.

எல்லாவற்றையும் எழுதுங்கள். பட்டியலை முடிக்கும்போது 'அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா?' என்று இ-பேர்ட் கேட்கும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அபூர்வப் பறவையை மட்டும் போட்டால், அதற்கு 'ஆம்' சொல்ல முடியாது. ஆம் என்ற பட்டியலில்தான், எழுதப்படாத பறவை 'அன்று தென்படாத பறவை' என்று அர்த்தமாகும்.

எண்ணுங்கள். 'நிறைய' என்பது எண் அல்ல. கூட்டமாக இருந்தால் பத்துப் பத்தாக எண்ணுங்கள். தோராயமான எண்கூட, எண் இல்லாததைவிட மேல்.

சந்தேகம் இருந்தால் இறங்கி வாருங்கள். எந்தக் கழுகு என்று உறுதியாகத் தெரியவில்லையா? 'ஏதோ ஒரு கழுகு' என்று போடலாம், செயலிகள் அதை அனுமதிக்கும். ஊகித்து அபூர்வ இனத்தின் பெயரைப் போடுவதைவிட இது நேர்மையான பதிவு. போன் படத்தைப் பார்த்துச் செயலி பரிந்துரைக்கும் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த இனம் உங்கள் பகுதியில் உண்டா என்று பாருங்கள்.

அளவுக்கு ஏதாவது வையுங்கள். கால்தடத்தைப் படமெடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ இருக்கட்டும். அது இல்லாத படத்தில் நாய்க்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

இடத்தை மறையுங்கள். புலி போன்ற ஆபத்தில் இருக்கும் இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்து, பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டும். ஆனால் நீங்கள் அதையே இன்ஸ்டாகிராமில் இடத்தோடு போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து இடத் தகவல் நீங்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். கூடு, குகை, நட்சத்திர ஆமை, எறும்புத்தின்னி என்றால் இன்னும் கவனம் தேவை.

விதியை மதியுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். கையில் அறிவியல் செயலி இருக்கிறது என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. சில காப்பகங்களில் சஃபாரி வண்டியில் போனுக்கே தடை உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைப் போனில் ஒலிக்க விடுவதும் வேண்டாம், முக்கியமாகக் கூடு கட்டும் காலத்தில்.

கடைசியாக, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஒரு தடவை கபினிக்குப் போய் எடுத்த புலிப் படத்தைவிட, உங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியில் மாதம் இரண்டு முறை என்று ஐந்து வருஷம் போட்ட 120 பட்டியல்கள் ஒரு ஆய்வாளருக்கு அதிகம் உதவும். அந்த ஏரியில் நீர்க்கோழி எந்த வருஷம் குறைய ஆரம்பித்தது என்று யாராவது ஒருநாள் கேட்டால், பதில் அந்தப் பட்டியல்களில் இருக்கும்.